வதனியின் கண் கிளினிக்

வதனியின் கண்களில் ஒரு குறையும் இல்லை. நாற்பத்தேழு வயதிலும், வாழைச்சேனைத் தபால் கந்தோரில் கவுண்டருக்கு அப்பால் நிற்பவர் அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போதே இலக்கத்தை வாசித்துவிடுவாள். இருந்தும் இரண்டு மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கண் காட்டக் கொழும்புக்குப் போனாள். காலை ரெயிலில் ஏறி மூன்று மணிபோல இறங்கி, நாலு மணித்தியாலம் அங்கே இருந்துவிட்டு, இரவு ரெயிலில் திரும்புவாள். பத்து முறை தனியாகவோ மச்சாளோடோ போய்வந்தாள். பதினோராவது முறை கணவரும் கூட வந்தார்.

அந்த நாலு மணித்தியாலத்தில் அவள் சூஷி சாப்பிட்டாள்.

கணவர் நல்லரத்தினம் வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் மொத்த வியாபாரி. மீனின் கண்ணைப் பார்த்து அது பிடிபட்ட நாளைச் சொல்வார். செவுளைத் தூக்கமாட்டார், வயிற்றை அமுக்கமாட்டார். “செவ்வாய்க்கிழமை” என்பார். படகுக்காரர் நேற்றுத்தான் என்று கோயிலைக் காட்டிச் சத்தியம் செய்வார். நல்லரத்தினம் இன்னொருமுறை குனிந்து பார்த்துவிட்டு, “செவ்வாய்க்கிழமை பின்னேரம்” என்று திருத்துவார். துறைமுகத்தில் அவரிடம் பொய் சொல்லித் தப்பிய மீன் கிடையாது.

அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் மீன் மூன்று விதமாகும்: குழம்பு, பொரியல், சொதி. இருபத்துமூன்று வருடமாக இந்த வரிசையில் ஒரு மாற்றமும் இல்லை. ஒருமுறை வதனி குழம்பில் தக்காளி கூடப் போட்டுவிட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, “அண்டைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார்.

எல்லாம் ஒரு பயிற்சியில் தொடங்கியது. திணைக்களம் இரண்டு நாளுக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டது. வதனியும் தபாலதிபர் லோர்னாவும் போனார்கள். லோர்னா மட்டக்களப்பு டவுனைச் சேர்ந்த பறங்கிப் பெண்மணி. கந்தோரில் சட்டம் பேசுவாள், வெளியே வந்ததும் அதை உடைப்பாள். ஆரோடு பேசினாலும் ‘மென்’ என்று ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் நாள் மத்தியானம் வதனியின் கையைப் பிடித்து ஒரு கடைக்குள் இழுத்துப்போனாள்.

“பச்சை மீன் மென். உன்ட மனிசனுக்குச் சொல்லிராத.”

அதைக் கேட்ட பிறகுதான் வதனிக்குப் பசித்தது.

சோற்றுக்கு மேல் சிவப்பாக ஒரு சூரைத் துண்டு. மஞ்சள் இல்லை, புளி இல்லை, நெருப்பைக் காணவேயில்லை. வாயில் வைத்ததும் வதனி கணவரின் முகத்தை நினைத்தாள். அந்த முகம் இதைப் பார்த்தால் எப்படிப் போகும் என்று நினைத்தபடி மென்றாள். அவ்வளவு ருசியாக அவள் வாழ்நாளில் எதையும் சாப்பிட்டதில்லை.

பிறகு தட்டின் ஓரத்தில் இருந்த பச்சை உருண்டையைப் புதினாச் சம்பல் என்று நினைத்து முழுதாக வாயில் போட்டாள். அது வசாபி, ஜப்பான்காரரின் காரம். மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையில் போய் நின்றது. கண்ணீர் கொட்டியது. துடைத்தாள். துடைத்த விரலிலும் வசாபி.

மறுநாள் காலை வாழைச்சேனை ஸ்டேசனுக்கு நல்லரத்தினம் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். அவளுடைய கண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“என்ன வதனி, கண் அஞ்சு நாள் மீன் மாதிரிக் கிடக்கு?”

உண்மையைச் சொல்ல ஒரு விநாடி இருந்தது. அது போய்விட்டது.

“கொழும்பில ஒரு டொக்டருக்குக் காட்டினன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வரட்டாம்.”

பொய் எந்த இடத்திலும் தட்டாமல் முழுதாக வந்தது. அவளுக்கே ஆச்சரியம். நல்லரத்தினம் தலையாட்டினார். “தவறாமப் போ. கண் எல்லோ” என்றார். மீனின் கண்ணில் கிழமை வாசிக்கிறவர் அவளுடைய கண்ணில் ஒன்றையும் வாசிக்கவில்லை.

முதல் வருடம் முழுக்க அவள் தேடினாள். சாப்பிடுவதைவிடத் தேடுவது இன்னும் நன்றாக இருந்தது. கந்தோரில் கூட்டமில்லாத பதினொரு மணிக்குக் கைபேசியை மேசை லாச்சிக்குள் வைத்துக் கொழும்புக் கடைகளின் படங்களைப் பார்ப்பாள். எந்தக் கடையில் என்ன விசேட றோல், அதற்குள் என்ன, மேலே என்ன என்று பாடமாக்குவாள். போய்வந்ததை ஒரு கொப்பியில் எழுதுவாள். வீட்டில் கிடக்கும் கொப்பி என்பதால் கடைக்குப் பேர் கிடையாது. திகதியும் புள்ளியும் மட்டும். புள்ளியைக் கண் டொக்டர்மார் போடுவதுபோலப் போட்டாள். ஆறுக்கு ஆறு என்றால் குறையில்லை. ஆறுக்குப் பன்னிரண்டு, குற்றமில்லை. ஆறுக்கு அறுபது என்றால் முன்னால் நிற்கிற ஆளையே தெரியாது.

கொள்ளுப்பிட்டியில் ஒரு நாலாம் மாடி. அங்கே எரிமலை என்று ஒரு றோல். மேசைக்குக் கொண்டுவந்து தீ மூட்டினார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். தீ அணைந்தபின் பார்த்தால் சோறு, அதன் மேல் உருகிய சீஸ், அடியில் ஒளிந்துகொண்டிருந்த ஒரு மீன் துண்டு. ஆறுக்கு இருபத்துநாலு. கடலோரமாக இன்னொரு கடை. றோலுக்குள் ஒன்பது சாமான். எண்ணிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். மீன் எத்தனையாவது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறுக்கு முப்பத்தாறு.

நாலு கடை ஏறி இறங்கியதில் அவளிடம் சில விதிகள் சேர்ந்தன. படத்தில் பெரிதாகவும் தட்டில் சின்னதாகவும் வந்தால் அந்தக் கடைக்குத் திரும்பிப் போகக்கூடாது. மூன்று சாமானுக்கு மேல் போனால் எதையோ மறைக்கிறார்கள். சமையல்காரன் கண்முன்னால் வெட்டாத கடையில் உட்காரவே கூடாது. கடைசி விதி, சமையல்காரனிடம் “நீங்க என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தடுமாறினால் எழும்பிவிட வேண்டும்.

ஐந்தாவது முறை பம்பலப்பிட்டியில் ஒரு ஒழுங்கை. தையல்கடைக்கு மேல்மாடி. வெள்ளைக் கல் பதித்த நீள மேசை, ஏழு முக்காலி. மேசைக்கு அந்தப்பக்கம் வெள்ளைச் சட்டையும் கையுறையும் போட்ட ஒரு இளம் ஆள் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். அந்த மாதத்து றோல் பலகையில் எழுதியிருந்தது. உள்ளே பொரித்த இறால். வெளியே விளாட் மாங்காயைக் கடதாசிபோலச் சீவிப் போர்த்தியிருந்தான். மேலே வறுத்த தேங்காய்ப்பூவும் இடித்த செத்தல் மிளகாயும். வதனி ஒன்றை எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள். தட்டு முடிந்ததும் கேட்டாள்.

“மறுகா, இதிலயே இன்னொண்டு தாங்க.”

கத்தி நின்றது.

“அக்கா எந்த ஊர்?”

“யாழ்ப்பாணம்.”

“யாழ்ப்பாணத்தில மட்டக்களப்பு ‘மறுகா’ சொல்ற ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கன்.”

வதனி பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். அவன் சிரித்தான்.

“இரிங்க அக்கா. நான் ஓட்டமாவடி. றிப்ஷான். நான் கட்டாருக்குப் போகக்குள்ள பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கின அக்கா நீங்கதானே? உங்கட மாப்புளட மீனைக் கொழும்புக்குக் கொண்டாற லொறிக்காரர் சரீப், அவர்தான் என்ட வாப்பா.”

“அப்ப இந்த மீன்?”

“முதலாளிட மீன்தான்.”

எட்டு மணித்தியாலம் ரெயிலில் குலுங்கி வந்து அவள் தன் வீட்டு மீனைச் சாப்பிட்டிருக்கிறாள். வதனிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது.

“வாப்பாட்டச் சொல்லிராத தம்பி.”

“வாப்பா நான் பெரிய ஹோட்டல்ல மனேஜர் எண்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார். மீன் வாடை தன்னோட போகட்டும் எண்டு நேர்த்திவச்ச மனிசன். நீங்க சொல்லாட்டி நானும் சொல்லமாட்டன்.”

ஒப்பந்தம் அவ்வளவுதான். அன்று கொப்பியில் முதன்முதலாக ஆறுக்கு ஆறு விழுந்தது.

நல்லரத்தினம் அதைக் கண் டொக்டர் போட்ட புள்ளி என்று நினைத்துச் சந்தோசப்பட்டார். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. மீனின் கண் கண்ணுக்கு நல்லது என்று ஆரோ சொன்னதிலிருந்து, பெரிய பாரை மீன்களின் தலைகளை விற்காமல் அவளுக்கென்று எடுத்துவைத்தார். கிழமைக்கு நாலு தலை. சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து, “கண்ணை முதல்ல சாப்பிடு” என்பார். பொன்னாங்காணியும் தினமும் வந்தது. வதனி சாப்பிட்டாள். அவள் சொன்ன பொய்க்கு அவள்தான் தலை தின்ன வேண்டும். முழித்துப் பார்க்கும் ஒவ்வொரு கண்ணையும் விழுங்கும்போது, அடுத்த முறை போகக்கூடாது என்று நினைப்பாள். அடுத்த மாதத்துப் பலகையில் என்ன எழுதியிருப்பான் என்றும் நினைப்பாள்.

எட்டாவது முறை சின்னத்தங்கம் சேர்ந்துகொண்டாள். சின்னத்தங்கம் நல்லரத்தினத்தின் அக்கா, பக்கத்து வளவு. கணவர் இல்லை. வாய் நிறையக் கட்டுப்பல். கல்குடாவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரியும். ஒருநாள் தம்பியிடம் வந்து, “எனக்கும் கண் மங்கலாக் கிடக்குடா” என்றாள். தம்பி உடனே, “வதனி கூட்டிப் போவா” என்றார்.

ரெயில் வெலிக்கந்தை தாண்டும்வரை வதனி வாய் திறக்கவில்லை. சின்னத்தங்கம்தான் தொடங்கினாள்.

“எனக்குக் கண்ணில ஒண்டுமில்லகா.”

“என்ன மச்சாள்?”

“ஊசிக்கு நூல் கோக்கிறன், எனக்கென்ன கேடு? நீ எங்க போறாய் எண்டு பாக்கத்தான் வந்தனான். உனக்கும் ஒண்டுமில்லை. பொய் சொல்லாத. ஆரு ஆள்?”

“ஆளா?”

“ஆம்பிள இல்லாம ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எட்டு மணித்தியாலம் ஆருகா கோச்சியில போவா?”

வதனி சொன்னாள். முழுதாகச் சொன்னாள். சின்னத்தங்கம் கேட்டுவிட்டு வெகுநேரம் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

“மீனா?” என்றாள். “நம்மட வீட்டில இல்லாத மீனா?”

பம்பலப்பிட்டியில் அவள் முதல் தட்டை முகர்ந்து பார்த்தாள். இரண்டாவது தட்டை முகரவில்லை. மூன்றாவது தட்டை றிப்ஷான் வைக்கும் முன்பே கையிலிருந்து வாங்கினாள். முள் இல்லை, பல்லுக்கு வேலை இல்லை. கட்டுப்பல்லைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றிவைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஊர் திரும்பியதும் தம்பி கேட்டார்.

“டொக்டர் என்னக்கா சொன்னவர்?”

“நல்ல பெடியன்டா. பச்சை மருந்து ஒண்டு தந்தவன். வாயில போட்டா மூக்கால போய்க் கண்ணால வருது. எல்லா அழுக்கும் போயித்து.”

அதன்பிறகு அவள் இல்லாமல் கண் கிளினிக் இல்லை. வந்த பாவத்துக்குச் சும்மா இருந்தாளா, இல்லை. பத்தாவது முறை, “ஒரே டொக்டரயே பாக்கக் கூடாது, வேற இடமும் பாப்பம்” என்று பிடிவாதம் பிடித்து வதனியை ஒரு கடைத்தொகுதிக்குள் இழுத்துப்போனாள். அங்கே விசேட றோல் என்று வந்ததற்குள் சொசேஜ் இருந்தது. மேலே மயோனைஸ் பூ. வதனிக்கு வந்த கோபத்தில் வீட்டுக்கு வந்து கொப்பியில் ஆறுக்கு அறுபது என்று எழுதி இரண்டு கோடு கீறினாள். கீறிய வேகத்தில் கொப்பியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேயே விட்டுவிட்டுக் கந்தோருக்குப் போய்விட்டாள்.

நல்லரத்தினம் பார்த்தார். போனமுறை ஆறுக்கு ஆறு, இந்தமுறை ஆறுக்கு அறுபது. கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சந்தியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நிலோஜனிடம் போனார். நிலோஜன் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, “ஆருக்கு அண்ணன்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். “கிட்டத்தட்டக் குருடு.”

அன்று வீட்டில் நல்லரத்தினம் சாப்பிடவில்லை.

“அடுத்த முறை நானும் வாறன். டொக்டரோட நான் பறையோணும்.”

“உங்களுக்குத் துறைமுகத்தில வேலை இல்லையா?”

“மீன் கடல்லதான் கிடக்கும். எங்கயும் போகாது.”

ஒன்பது வருடமாகக் கொழும்புக்குப் போகாத மனிதர். வதனி லோர்னாவிடம் ஓடினாள். லோர்னா லீவுக் கடிதத்தில் ஒப்பமிட்டபடி சொன்னாள்: “ரெண்டு வழிதான் மென். ஒண்டு உண்மையச் சொல்லு. இல்லாட்டி உண்மையாவே குருடாப் போ.”

வெள்ளிக்கிழமை விடியும் முன், வெள்ளாப்பிலேயே நல்லரத்தினம் துறைமுகத்துக்குப் போய் ஒரு றெஜிபோம் பெட்டியோடு வந்தார். உள்ளே ஐஸ். ஐஸுக்குள் ஒன்பது கிலோ சூரை, அப்போதுதான் கரைக்கு வந்தது. டொக்டரிடம் வெறுங்கையோடு போகும் பழக்கம் அவர்கள் பக்கத்தில் இல்லை. வட்டையில் வயல் உள்ளவர் புது அரிசி கொண்டுபோவார், மாடு உள்ளவர் தயிர்ச் சட்டி கொண்டுபோவார். நல்லரத்தினத்திடம் மீன் இருந்தது.

ரெயிலில் பெட்டிக்கு ஒரு இருக்கை கிடைத்தது, சின்னத்தங்கத்துக்குத்தான் சுணங்கிக் கிடைத்தது. தம்பி தண்ணீர்ப் போத்தல் வாங்க எழும்பிய நேரம் அவள் வதனியின் காதருகே வந்தாள்.

“பயப்பிடாதகா. அந்தப் பெடியன் வெள்ளைச் சட்டை போட்டிருக்கான். கையுறை இருக்கு, கத்தி இருக்கு. டொக்டருக்கு வேற என்ன வேணும்?”

“மச்சாள், அவர் மீனையே நம்பாத மனிசன்.”

நல்லரத்தினம் திரும்பி வந்து வதனியின் பக்கத்தில் யன்னலோரமாக இருந்தார். கொஞ்ச நேரத்தில் மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார்.

“இது புணானை. உனக்குப் பேர்ப்பலகை தெரியாது.”

வதனி அதைத் தூரத்திலேயே வாசித்திருந்தாள்.

“இப்ப இடப்பக்கம் குளம் ஒண்டு. தண்ணி நிறையக் கிடக்கு. கொக்கு நிக்குது. மூண்டு கொக்கு.”

வதனி பார்த்தாள். நாலு கொக்கு. நாலாவது ஒரு கட்டைக்குப் பின்னால் நின்றது. அவள் சொல்லவில்லை. பொலன்னறுவை, ஹிங்குராக்கொடை, மாஹோ என்று கொழும்புவரை அவர் யன்னலுக்கு வெளியே தெரிந்த எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். மாடு, புத்தர் சிலை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், மஞ்சள் நிற லொறி. இருபத்துமூன்று வருடத்தில் அவர் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. கோட்டை ஸ்டேசனில் இறங்கும்போது அவளுடைய முழங்கையைப் பிடித்துப் படியிறக்கினார். வதனி முடிவெடுத்துவிட்டாள். உண்மையைச் சொல்லிவிடுவாள். எங்கே சொல்வது என்பதுதான் தெரியவில்லை. ஓட்டோக்காரரிடம் பழக்கத்தில் பம்பலப்பிட்டி என்று வாயில் வந்துவிட்டது.

மேல்மாடிக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. வெள்ளைக் கல், வெள்ளை விளக்கு, வரிசையாக அமைதியாகக் காத்திருக்கும் நாலைந்து பேர், எதிரே வெள்ளைச் சட்டை. முப்பது வருடமாக நல்லரத்தினத்தின் மூக்குக்கு மீன் வாடை தெரியாது. அவர் செருப்பைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தார். வெறுங்காலோடு பெட்டியைத் தூக்கிப்போய் மேசையில் வைத்தார்.

“டொக்டர், இது எங்கட பக்கத்து மீன். உங்களுக்குத்தான்.”

றிப்ஷான் பெட்டியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். பின்னால் நின்ற வதனியையும் பார்த்தான். அவளுக்குப் பின்னால் சின்னத்தங்கம் கண்ணால் ஏதோ சாடை காட்டிக்கொண்டிருந்தாள். அவன் மூடியைத் திறந்து குனிந்தான். தொழில் புத்தி முந்திவிட்டது.

“யா அல்லாஹ், இது இண்டைக்கு வெள்ளாப்பில வந்த மீனெல்லோ!”

நல்லரத்தினம் நிமிர்ந்தார். கண்ணைச் சுருக்கி அவனுடைய முகத்தைப் பார்த்தார்.

“நீ ஓட்டமாவடிச் சரீப்ட மகனெல்லோ?”

“ஓம் முதலாளி.”

“சரீப் உன்ன மனேஜர் எண்டெல்லோ சொன்னவன். நீ எப்படா டொக்டரா வந்தாய்?”

முக்காலியில் இருந்த ஒருவர் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்தார். வதனி முன்னால் வந்தாள்.

“எனக்குக் கண்ணில ஒண்டுமில்லை. நான் இஞ்ச சாப்பிடத்தான் வாறன்.”

அவர் சுற்றிப் பார்த்தார். தட்டுகளைக் கண்டார். தட்டுகளில் கிடந்ததைக் கண்டார். சின்னத்தங்கம் ஒரு முக்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டாள், நடக்கப்போவதை நின்றுகொண்டு பார்க்க அவளுக்கு ஏலாது.

“எத்தின முறை?”

“இண்டைக்குப் பதினொண்டு.”

“அந்தப் பாரைத் தலையெல்லாம்?”

“எல்லாத்தையும் திண்டன். ஒண்டும் எறியயில்ல.”

“கொப்பியில ஆறுக்கு அறுபது?”

“அது வேற கடை. சொசேஜ் போட்டிருந்தான்.”

நல்லரத்தினம் அவளுடைய கண்ணை நேராகப் பார்த்தார். “குளத்தில எத்தின கொக்கு நிண்டது?” என்று கேட்டார்.

“நாலு.”

“நான் மூண்டெண்டு சொன்னன்.”

“ஓம்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய இடத்தில் பலகைமேல் வெட்டுவதற்கென்று ஒரு சூரைத் துண்டு இருந்தது, பக்கத்துத் தட்டில் அதன் தலை. அவர் வேறு எதையும் பார்க்க முடியாத மனிதர். குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்தார்.

“இது எப்ப வந்த மீன்?”

“முந்தாநேத்து, முதலாளி.”

“ஆரு சொன்னது முந்தாநேத்து? இது ஏழு நாள். எந்தக் கள்ளன் உனக்கு இத வித்தவன்?”

றிப்ஷான் மேசைக்கு அடியில் குனிந்தான். அந்த மீன் லொறியில் வந்த ஐஸ் பெட்டியின் மூடியை எடுத்து மெல்லத் திருப்பிக் காட்டினான். பச்சை எழுத்தில் முந்தாநாளின் திகதி இருந்தது. அதற்குக் கீழே ‘நல்லரத்தினம், வாழைச்சேனை’ என்று இருந்தது. கையெழுத்தும் அவருடையதுதான்.

நல்லரத்தினம் குனிந்து வாசித்தார். பிறகு சின்னத்தங்கம் சிரித்தாள். கட்டுப்பல் கழன்று கையில் விழுமளவுக்குச் சிரித்தாள்.

“கொழும்பாக்களுக்கு நாள் தெரியாதெண்டு...” நல்லரத்தினம் தொடங்கி நிறுத்தினார்.

“நான்தான் திண்டன்,” என்றாள் வதனி. “உங்கட ஏழு நாள் மீனை நான்தான் எட்டு மணித்தியாலம் வந்து திண்டன்.”

அவர் முக்காலியில் இருந்தார். வதனி பக்கத்து முக்காலியில் இருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டு பொய்யும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இதில் எது பெரிது என்று கேட்க இருவருக்கும் தைரியம் இல்லை.

“தம்பி,” என்றார் நல்லரத்தினம் கடைசியாக. “அதை எறி. இந்தப் பெட்டியில இருக்கிறத வெட்டு.”

றிப்ஷான் வெட்டினான். அடிவயிற்றுச் சதையை எடுத்துச் சோற்றில் சுற்றி, மேலே தேசிக்காய்த் தோலைத் துருவி, ஒரு பச்சை மிளகாயை மயிர்போலச் சீவிப் போட்டான். நல்லரத்தினம் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கொஞ்சம் மஞ்சள் போட ஏலாதா?”

“ஏலாது முதலாளி.”

கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தார். வதனி அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு வருடமாக நினைத்துப் பார்த்த முகம். அது கோணவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. மென்றார், விழுங்கினார், “புளி காணாது” என்றார். அடுத்ததை எடுத்தார்.

இதற்குப் பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. அதுதான் வதனிக்குக் கரைச்சலாகிவிட்டது. நல்லரத்தினம் கோபப்படவேயில்லை. அடுத்த முறையும் பெட்டியோடு வந்தார், அதற்கடுத்த முறையும் வந்தார். றிப்ஷானின் பலகையில் ‘டொக்டர் ஸ்பெஷல்’ என்று ஒரு றோல் நிரந்தரமாக ஏறியது. நல்லரத்தினம் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து பக்கத்துத் தட்டுகளை மேற்பார்வை செய்தார். “அத விடுங்க, அது வியாழக்கிழமை” என்று முன்பின் தெரியாத கொழும்பாக்களிடம் சொன்னார். இப்போது பெட்டிகளில் உண்மையான நாள் எழுதுவதாக ஊரில் சொல்லிக்கொண்டார். சரீப்பும் ஓம் என்றார். வதனி பாதிதான் நம்பினாள்.

அவளுக்கு முன்னால் தட்டு வரும். அன்று காலை வந்த மீன், கொழும்பில் வேறு எவருக்கும் கிடைக்காதது. ஒன்றை எடுத்து வாயில் வைப்பாள்.

“எப்பிடி?” என்பார் பக்கத்திலிருந்து.

“நல்லாயிருக்கு.”

அந்த முகத்தை நினைத்துக்கொள்ளத் தேவையில்லை. முகம் பக்கத்திலேயே இருந்தது, சோற்றுப் பருக்கையோடு. கொப்பியில் ஆறுக்கு ஆறு என்று எழுதப் பேனையை எடுத்தாள். எழுதாமல் மூடிவைத்தாள்.

ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குத் தபால் கந்தோரில் கூட்டம் இல்லை. வதனி கைபேசியை லாச்சிக்குள் வைத்தாள். தெகிவளையில் புதிதாக ஒரு கடை. விசேட றோலில் கணவாய், அதன் மையில் கறுத்த சோறு, மேலே சுட்ட பலாக்கொட்டைச் சீவல். மூன்றே சாமான். படத்தில் சமையல்காரனின் கை மட்டும் தெரிந்தது.

அன்று சாப்பாட்டில் பாரைத் தலை இருந்தது. பழக்கம் விடவில்லை. வதனி பாதியில் கன்னத்தைப் பிடித்தாள்.

“என்ன?” என்றார் நல்லரத்தினம்.

“பல்லு.”

அவர் அவளைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். ஆனால் மீனின் பல்லைப் பார்த்து அவர் இதுவரை எதையும் சொன்னதில்லை.

“வாழைச்சேனையிலயே காட்டலாமே.”

“வேர்ல குறையாம். கொழும்பில ஒருத்தர் இருக்காராம்.”

“டொக்டருக்கு மீன் கொண்டுபோவமா?”

“அவர் சைவம்.”

நல்லரத்தினம் சோற்றைப் பிசைந்தார். உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது, அல்லது முள்ளாக இருக்கலாம். “அப்ப நான் வந்து என்ன செய்ய?” என்றார். “தவறாமப் போ. பல்லெல்லோ.”

வதனி கை கழுவ வெளியே போனபோது வேலிக்கு அந்தப்பக்கம் சின்னத்தங்கம் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

“எனக்கும் பல்லுக் குத்துதுகா.”

“மச்சாள், உங்களுக்கு எல்லாம் கட்டுப்பல்லெல்லோ.”

“அதுதான்கா,” என்றாள் சின்னத்தங்கம். “கட்டின நாள்ல இருந்து அத ஒரு டொக்டருக்கும் காட்டயில்ல.”